சின்ன டிராக்டர் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரியை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க



பெரியாறு கால்வாயில் தண்ணி திறந்துட்டா மேலூர், வாடிப்பட்டி பக்கம் எல்லா வயலும் ஒரே நேரத்துல தொழி உழவுக்கு வந்துடும். குழுக் கடனிலோ மானியத்திலோ வாங்கின 15, 20 குதிரைத்திறன் டிராக்டர் அந்த வாரத்துல ஓடினாத்தான் தவணை கட்ட முடியும். அன்னைக்குப் பார்த்து வண்டி ஸ்டார்ட் ஆகாது. "பேட்டரி போச்சு, புதுசு போடுங்க" என்று யாராவது சொல்வார்கள். நாமும் கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி கடை தேடிப் போய்விடுவோம். புதுப் பேட்டரி போட்டும் பழைய கோளாறு அப்படியே இருக்கிற கதை நிறைய உண்டு.

டீசல் இன்ஜினுக்கு ஓடும்போது கரண்ட் அதிகம் வேண்டாம். ஸ்டார்ட் ஆகிற அந்த சில வினாடிதான் பெரிய வேலை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். ஹாரனுக்கு சில ஆம்பியர் போதும். அதனால் "ஹாரன் அடிக்குதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று நினைப்பது சரியில்லை. வாய்க்கால்ல குப்பை அடைச்சிருந்தா குடத்துக்குத் தண்ணி வரும், வயலுக்குப் பாயாது இல்லையா? அப்படித்தான்.

மீட்டர் எதுவும் இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சீட்டில் உட்கார்ந்து ஹெட்லைட்டைப் போடுங்க. சாவியைத் திருப்பும்போது வெளிச்சம் மங்கி 'டக் டக்' என்று சத்தம் வந்தால், பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. வெளிச்சம் கொஞ்சமும் மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் கரண்ட் செல்ஃப் வரைக்கும் போகவே இல்லை. பியூஸ், சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் இவற்றைப் பார்க்கணும். வெளிச்சம் நல்லா இருந்து ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் கோளாறு பெரும்பாலும் செல்ஃப் மோட்டாரில்தான். அது மெக்கானிக் வேலை.

முதலில் டெர்மினலைப் பாருங்க. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் அதுதான் அடைப்பு. கழற்றும்போது மைனஸ் ஒயர் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாத்திச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டு தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி, விளக்கு கூடாது. வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றித் தேய்த்து, காயவைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வேசலின் தடவுங்க. பேட்டரி மூடி வழியாக அந்தத் தண்ணி உள்ளே போகக் கூடாது. எர்த் ஒயரின் அடுத்த முனையையும் மறக்காதீங்க. தொழிச் சேறு பட்டு துருப்பிடிக்கிறது அங்கேதான்.

அடுத்தது கிளட்ச் சுவிட்ச். பல வண்டிகளில் கிளட்ச்சை முழுசா மிதித்தால்தான், சிலவற்றில் கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். சேறும் தண்ணியும் பட்டு அந்த சுவிட்ச் கெட்டுப் போகும். சில டிரைவர் தம்பிகள் ஒயரை நேராக முறுக்கி சுவிட்சையே ஒதுக்கிவிடுவார்கள். இன்னும் சிலர் கீழே நின்னுக்கிட்டு ஸ்குரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையையும் தொட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். வண்டி கியரில் இருந்தால் அந்த நொடியே பாயும். நிற்கிற இடமோ பின் டயருக்கு முன்னால். உலகம் முழுக்க டிராக்டர் விபத்துகளில் உயிர் போகிற வழிகளில் இது ஒன்று. நம்ம குழு வண்டியை யார் ஓட்டினாலும் இதற்கு இடம் கொடுக்கக் கூடாது. சொன்னா கோவிச்சுக்குவாங்கன்னு பார்க்க வேண்டாம்.

பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போடணும். செம்புக் கம்பியோ சிகரெட் தாளோ சுத்தினால் பியூசுக்குப் பதில் ஒயர் எரியும். போட்ட உடனே மறுபடி போனால் எங்கோ ஒயர் உரசுகிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. வைக்கோல் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு எலித் தொல்லை நிச்சயம்.

தினமும் காலையில் பேட்டரி இறங்கிப் போனால் டைனமோவைச் சந்தேகப்படுங்க. ஒரு சாதாரண மல்டிமீட்டர் குழுவில் இருப்பது நல்லது. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் சார்ஜ் முழுசு, 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை ஏறணும். ஏறவில்லை என்றால் இன்ஜினை நிறுத்தி பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்துங்க. சுமார் அரை இஞ்ச் அமுங்கலாம், அதுக்கு மேல் தொளதொளன்னு இருந்தால் இறுக்கணும். பெல்ட் சரியாக இருந்தும் வோல்ட் ஏறலைன்னா, மெக்கானிக்கிடம் "பேட்டரி இல்ல, சார்ஜ் ஏறல, டைனமோவைப் பாருங்க" என்று சொல்லியே கொடுங்க.

மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் சித்திரை வெயிலில் வாரம் ஒரு தடவை திறந்து பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் தகடு மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்க. நம்ம ஊர் போர் தண்ணி உப்புத் தண்ணி, அது ஆகாது.