ஒட்டகத்துக்குப் புற்று நோய்!
விளம்பரத்தோடு மல்லுக்கு நிற்கும் ஒரு பத்திரிகையின் கதை

ஆஸ்பத்திரியில் ஓர் ஒட்டகம்!

முகம் வாடிக் கிடக்கிறது. கையில் மருந்து ஏறும் குழாய். பார்த்ததும் சிரிப்பு வரும். அடுத்த நிமிடமே சிரிப்பு நின்றுவிடும்.

இது ஒரு கேலிப் படம். 1996-ம் ஆண்டு கனடா நாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. பத்திரிகையின் பெயர் "ஆட்பஸ்டர்ஸ்". "விளம்பரத்தை உடைப்பவர்கள்" என்று தமிழில் சொல்லலாம்.

ஒட்டகத்தை ஏன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்?

குழந்தைகளுக்குத் தெரிந்த ஒட்டகம்

அமெரிக்காவில் "கேமல்" என்று ஒரு சிகரெட் உண்டு. கேமல் என்றால் ஒட்டகம். 1988-ல் அந்தக் கம்பெனி, விளம்பரத்துக்காக ஓர் ஒட்டகத்தைக் கார்ட்டூனாக வரைந்து அமெரிக்காவெங்கும் உலவவிட்டது. அதற்கு "ஜோ கேமல்" என்று பெயர்.

ஜோ கறுப்புக் கண்ணாடி போடுவான். மோட்டார் சைக்கிளில் போவான். நண்பர்களோடு கும்மாளம் அடிப்பான். வாயில் சிகரெட் புகையும்.

1991-ல் டாக்டர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 3 வயது முதல் 6 வயது வரை உள்ள 229 குழந்தைகளை அழைத்தார்கள். பல கம்பெனிகளின் சின்னங்களைக் கொடுத்து, "எது எந்தச் சரக்குக்கு உரியது? சேர்த்து வை" என்றார்கள்.

6 வயதுக் குழந்தைகளில் 100-க்கு 91 பேர் ஜோவின் படத்தை எடுத்துச் சிகரெட் படத்தின் மேல் வைத்தார்கள்! மிக்கி மவுசை எத்தனை பேருக்குத் தெரிந்ததோ, ஏறக்குறைய அத்தனை பேருக்கு ஜோவையும் தெரிந்திருந்தது.

அந்தக் குழந்தைகளில் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் படத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டது. அதுவும் யார் சொல்லிக் கொடுத்தது? சிகரெட் கம்பெனி!

கனடாப் பத்திரிகை அதே ஒட்டகத்தைப் போட்டது. அதே சாயல். பெயர் மட்டும் "ஜோ கீமோ" என்று மாறியது. கீமோ என்பது புற்று நோய்க்குக் கொடுக்கும் மருந்துச் சிகிச்சை. சிகரெட் கம்பெனி கோடி கோடியாகக் கொட்டி ஒட்டகத்தைப் புகழ் பெறச் செய்தது. அந்தப் புகழை இவர்கள் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

1997-ல் கம்பெனி ஜோவைக் கைவிட்டது. இந்த ஒரு படத்தால் அல்ல. அரசாங்கத்தின் நடவடிக்கையும், கோர்ட்டு வழக்கும் நெருக்கியதுதான் காரணம்.

மரம் பேசியது

இந்தப் பத்திரிகை பிறந்ததே ஒரு சண்டையில்தான்.

கல்லே லாஸ்ன் என்பவர் எஸ்டோனியா என்ற சிறிய ஐரோப்பிய நாட்டில் 1942-ல் பிறந்தார். உலக யுத்தத்தில் குடும்பம் ஊரைவிட்டு ஓடியது. ஜெர்மனியில் அகதி முகாம், பிறகு ஆஸ்திரேலியா, அதன் பிறகு ஜப்பான். டோக்கியோவில் அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? மக்கள் எந்தச் சரக்கை வாங்குவார்கள், ஏன் வாங்குவார்கள் என்று ஆராய்ந்து கம்பெனிகளுக்குச் சொல்வது! வியாபாரத்தின் சூட்சுமம் தெரிந்த மனிதர். பிறகு கனடாவில் குடியேறிச் செய்திப் படங்கள் எடுத்தார்.

கனடாவின் மேற்குக் கரையில் வானளாவிய பழைய காடுகள் உண்டு. அவற்றை வெட்டி விற்பது பெரிய தொழில். 1980-களின் கடைசியில் மரக் கம்பெனிகள் டெலிவிஷனில் ஒரு விளம்பரம் கொடுத்தன. சிரிக்கும் குழந்தைகள், துள்ளும் மிருகங்கள், கனிவான ஒரு குரல். "காட்டை நாங்கள் பாதுகாக்கிறோம்" என்பது அதன் சாரம்.

லாஸ்னும் அவருடைய நண்பர் பில் ஷ்மால்சும் பதிலுக்கு ஒரு விளம்பரம் எடுத்தார்கள். அதில் கிழட்டு மரம் ஒன்று சின்னக் கன்றுக்குப் புத்தி சொல்கிறது. வரிசையாக நட்டு வளர்க்கும் மரத் தோப்பு வேறு, காடு வேறு என்று விளக்குகிறது.

இதை ஒளிபரப்ப அவர்கள் இலவசம் கேட்கவில்லை. "பணம் தருகிறோம்" என்றார்கள். டெலிவிஷன்காரர்கள் முடியாது என்றுவிட்டார்கள்!

ஏன்? மரக் கம்பெனி சொன்னது வெறும் "தகவலாம்". இவர்கள் சொன்னது "பிரசாரமாம்".

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வெட்டு என்பவன் பேச்சுத் தகவல். வெட்டாதே என்பவன் பேச்சுப் பிரசாரம். எவனிடம் பலம் இருக்கிறதோ, அவன் கருத்து கருத்தாகவே தெரிவதில்லை. காற்றைப் போலக் கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் நிறைந்திருக்கிறது. இதற்குப் படிப்பாளிகள் "கருத்தியல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் "உள்ளே ஒளிந்திருக்கும் கொள்கை" என்று வைத்துக்கொள்வோம்.

1989-ல் வான்கூவர் நகரில் பத்திரிகை தொடங்கியது. விளம்பரம் வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். வாசகர் கொடுக்கும் பணத்தில் நடக்கிறது. 1992-ல் ஒரு வோட்கா கம்பெனியின் விளம்பரத்தைக் கேலி செய்தார்கள். கம்பெனி வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. பத்திரிகை அசையவில்லை.

முடி வெட்டும் கடையில்

ஒளிந்திருக்கும் கொள்கையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பிரான்ஸ் நாட்டில் ரோலான் பார்த் என்று ஓர் அறிஞர் இருந்தார். ஒரு நாள் முடி வெட்டிக்கொள்ளப் போனார். நம் ஊர் சலூனைப் போலவே அங்கேயும் புரட்டிப் பார்க்க ஒரு பத்திரிகை கொடுத்தார்கள். 1955-ம் ஆண்டு "பாரி மாட்ச்" இதழ். அட்டையில் ஒரு கறுப்பு இனச் சிறுவன். பிரெஞ்சு ராணுவ உடுப்பு போட்டிருக்கிறான். கண்ணை மேலே உயர்த்திச் சலாம் வைக்கிறான்.

படத்தில் பொய் இல்லை. சிறுவன் உண்மை. சலாமும் உண்மை.

ஆனால் பார்த் யோசித்தார். "பிரான்ஸ் பெரிய சாம்ராஜ்யம். நிறம் பாராமல் எல்லோரும் அதற்கு விசுவாசமாக இருக்கிறார்கள். அடிமைப்படுத்துகிறோம் என்று யார் சொன்னது?" — படம் வாய் திறக்காமல் இதைச் சொல்கிறது என்று கண்டுகொண்டார். அல்ஜீரியாவில் விடுதலைப் போர் மூண்டிருந்த நேரம் அது. நம் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பரில் கைமாறி ஒரு வருடம்கூட ஆகவில்லை!

பார்த் இதை 1957-ல் புத்தகத்தில் எழுதினார். படத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை, யார் காட்டுகிறார், எதற்காகக் காட்டுகிறார் என்று கேட்கும் பழக்கம் கல்லூரிகளில் பரவ அந்தப் புத்தகமும் ஒரு காரணம்.

காளையின் மேல் நடனம்

இந்தக் கேள்விகளைக் கனடாப் பத்திரிகையிடமே கேட்டுப் பார்ப்போமா? விளம்பரத்தை எதிர்ப்பவர் என்பதால் அவரைச் சும்மா விட வேண்டியதில்லையே!

நியூயார்க் நகரில் பங்கு மார்க்கெட் நடக்கும் பகுதியில் ஒரு வெண்கலக் காளை நிற்கிறது. பாயத் தயாராகத் தலையைக் குனிந்திருக்கும். பங்கு விலை ஏறுவதற்குக் காளைதான் அடையாளம்.

2008-ல் அமெரிக்க பாங்குகள் ஆட்டம் கண்டன. பாங்குகளைக் காப்பாற்ற அரசாங்கம் பணம் கொடுத்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் கடனைக் கட்ட முடியாமல் வீட்டை இழந்தன. மக்கள் மனத்தில் புகைச்சல்.

2011 ஜூலையில் ஆட்பஸ்டர்ஸ் ஒரு படம் வெளியிட்டது. அந்தக் காளையின் முதுகில் ஒற்றைக் காலில் ஒரு நடன மாது! பின்னால் புகை மண்டலம். அதற்குள் முகமூடி அணிந்த கூட்டம். "செப்டம்பர் 17-ந்தேதி வா. கூடாரத்தோடு வா" என்று அழைப்பு.

வந்தார்கள்! ஒரு பூங்காவில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். பல நாடுகளின் நகரங்களுக்கும் அது பரவியது. நவம்பர் 15-ந்தேதி போலீசார் பூங்காவைக் காலி செய்தார்கள். ஒரு பத்திரிகைப் படம் இத்தனை பேரைத் தெருவுக்கு அழைத்தது சின்ன விஷயம் அல்ல.

இப்போது படத்தைப் பாருங்கள். வீட்டை இழந்த கிழவர் அங்கே இல்லை. வேலை போன தாய் இல்லை. இருப்பவள் ஒல்லியான, அழகான நடன மாது. கீழே உள்ள எழுத்தை அழித்துவிட்டு ஒரு வாசனைத் தைலத்தின் பெயரைப் போட்டால், அது தைல விளம்பரம் ஆகிவிடும்! கண்ணைக் கவர விளம்பரக்காரன் என்ன செய்வானோ, அதையே இவர்களும் செய்தார்கள். அதனால்தான் படம் பலித்தது என்றும் சொல்லலாம்.

30 மடங்கு!

வருடத்தில் ஒரு நாள் எதுவும் வாங்கக்கூடாது என்று இவர்கள் ஓர் இயக்கம் நடத்தினார்கள். 1992-ல் வான்கூவர் ஓவியர் ஒருவர் தொடங்கியது. அமெரிக்காவில் நவம்பர் மாதம் நன்றித் திருநாளுக்கு மறு நாள் வெள்ளிக்கிழமை, கடைகளில் கூட்டம் நெரியும். 1997 முதல் அந்த நாளையே "வாங்காத நாள்" ஆக்கினார்கள்.

அதற்கும் டெலிவிஷன் விளம்பரம் எடுத்தார்கள். வட அமெரிக்கப் படத்திலிருந்து ஒரு பன்றி எழுந்து ஏப்பம் விடும்! வட அமெரிக்கர் ஒருவர் மெக்சிகோக்காரரைப் போல் 5 மடங்கும், சீனரைப் போல் 10 மடங்கும், இந்தியரைப் போல் 30 மடங்கும் நுகர்கிறார் என்று குரல் ஒலிக்கும். பெரிய டெலிவிஷன் கம்பெனிகள் மறுத்தன. சி.என்.என். மட்டும் ஒளிபரப்பியது.

நம்மைப் பற்றி ஒரு வார்த்தை வந்துவிட்டது, பார்த்தீர்களா! ஆனால் எப்படி வந்தோம்? ஓர் எண்ணாக வந்தோம். முகம் இல்லை, பேச்சு இல்லை. அமெரிக்கரை வெட்கப்பட வைக்க நம் வறுமை பயன்பட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனாலும் பேசியவர் அவர், கேட்டவரும் அவர் ஊர்க்காரர்.

இன்னொன்று. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிறவருக்கு "வாங்காத நாள்" எதற்கு? வருடத்தில் பல நாள் அவருக்கு அந்த நாள்தான். "வாங்காதே" என்பது வாங்க வசதி உள்ளவருக்குச் சொல்லும் புத்தி. உள்ளே ஒளிந்திருக்கும் கொள்கை என்று சொன்னோமே, அது இந்தப் பக்கத்திலும் ஒளிந்திருக்கிறது.

இரண்டு ஜோடி செருப்பு

2004-ல் பத்திரிகை தானே வியாபாரத்தில் இறங்கியது. செருப்புக் கடை! பெரிய கம்பெனியின் சின்னத்துக்குப் பதில் ஒரு பொட்டு வைத்த சப்பாத்து. சங்கம் உள்ள தொழிலாளர்களைக் கொண்டு போர்ச்சுகல் நாட்டில் தைத்தார்கள்.

அதே ஆண்டு ஜோசப் ஹீத், ஆண்ட்ரூ பாட்டர் என்ற இரண்டு கனடா அறிஞர்கள் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். "எதிர்ப்பும் ஒரு சரக்குத்தான். நான் மற்றவர்களைப் போல் அல்ல என்று காட்டிக்கொள்ள ஒருவர் இதை வாங்குகிறார். விளம்பரம் வளர்ப்பதும் அந்த ஆசையைத்தானே?" — இது அவர்கள் வாதம். லாஸ்ன் பக்கத்தில் சொல்லும் பதிலும் லேசானது அல்ல: தொழிலாளியை வதைக்காமல் சப்பாத்து செய்ய முடியும் என்று காட்டினோமே! எனக்கு இரண்டுமே உண்மையாகப் படுகிறது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் பெரிய பள்ளிகளில் பத்திரிகை, சினிமா, டெலிவிஷன் பற்றி ஒரு பாடம் உண்டு. 2017-ல் தொடங்கிய ஒரு பாடத் திட்டத்தில் இரண்டு பத்திரிகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று 1964-ம் ஆண்டின் "உமன்" என்ற பெண்கள் வார இதழ். சோப்பு, முகப்பவுடர் விளம்பரங்கள் உள்ள இதழ். "இப்படி இருந்தால்தான் நல்ல மனைவி" என்று பெண்களுக்குச் சொல்லாமல் சொன்ன இதழ். மற்றொன்று ஆட்பஸ்டர்சின் 2016 மே - ஜூன் இதழ்.

பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு "உமன்" இதழைக் குறை சொல்வது சுலபம். அறுபது வருடத்துக்கு முந்தியது. எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். இரண்டாவது இதழ்தான் கஷ்டம். அது அவர்கள் பக்கம் நின்று பேசுகிறது. அதில் ஒரு பக்கம்:

லூபுட்டான் என்று ஒரு காலணிக் கம்பெனி. அடிப்பாகம் சிவப்பாக இருக்கும். ஒரு ஜோடி பல நூறு டாலர் விலை. அந்தப் பெயரைப் போட்டு, காலணிக்குப் பதில் இரண்டு கால்களைக் காட்டியிருந்தார்கள். தண்ணீர் விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலை நசுக்கி, கயிறு கட்டி, செருப்பாக மாட்டிய புழுதிக் கால்கள்.

பார்த்தவர் நெஞ்சு சுருக்கென்கிறது. பணக்காரக் காலணி வெட்கித் தலை குனிகிறது. படம் தன் வேலையைச் செய்துவிட்டது.

அந்தக் கால்கள் நின்ற ஊர் எது? காலுக்கு உரியவர் அந்தப் பாட்டிலைச் செருப்பாகக் கட்டும்போது என்ன நினைத்தார்? படம் கணுக்கால் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் முகம் இல்லை.