பேணி அடுப்பும் தெரியாத நெருப்பும்

கோடை விடுமுறையில் ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கிறீர்களா? தேநீருக்கு அடுப்பு வாங்கத் தேவையில்லை.

மீன் வந்த சின்னத் தகரப்பேணியைக் கழுவுங்கள். உள்ளே மரக்கட்டை வைத்து, விளிம்புக்குக் கீழே தடித்த ஆணியால் சுற்றிவர இரண்டு வரிசை துளையிடுங்கள். ஜேர்மன் கடைகளில் ‘பிறென்ஸ்பிரித்துஸ்’ என்று விற்கும் எரிசாராயம் 30 மில்லிலீற்றர் ஊற்றி, கல்லின்மேல் வைத்துப் பற்றவையுங்கள். சாராயம் சூடேறியதும் சட்டியை நேரே பேணிமேல் வையுங்கள். துளைகளால் சுவாலை வரும். காற்றை மறைத்தால் அரை லீற்றர் தண்ணீர் கொதிக்கும்.

கவனம்! இந்தச் சுவாலை பகல் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து மேலும் ஊற்றினால் போத்தலே பற்றி, பக்கத்தில் நிற்கும் பிள்ளைமேல் பாயும். பேணி நன்றாக ஆறிய பின்பே ஊற்றுங்கள். மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் எரிக்க வேண்டாம். காபன் மொனொக்சைட் மணமில்லாமலே உயிரை எடுக்கும்.