வருமான ஏற்றத்தாழ்வும் கற்றல் இடைவெளியும்: இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முன்வைத்து

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்வது அதன் நோக்கமாகும். எனினும், அத்திட்டத்தின் விளைவுகள் பெருந்தொற்றுக்கு முற்பட்ட வினா ஒன்றிற்கும் விடை தேட உதவுகின்றன. ஒரே பாடநூலைப் பயிலும் மாணவரின் அடைவு, குடும்ப வருமானத்திற்கேற்ப வேறுபடுவது ஏன்? அவ்வேறுபாட்டைக் குறைக்க இயலுமா? இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடைவெளியின் காரணங்கள்

வருமானம் மூன்று வழிகளில் கற்றலைப் பாதிக்கிறது. முதலாவது, பொருள். தனிப்பயிற்சி, நூல்கள், திறன்பேசி ஆகியவற்றை வாங்கும் ஆற்றல் எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. இரண்டாவது, நேரம். உப்பளத்திலோ வயலிலோ நாள் முழுதும் உழைத்துத் திரும்பும் பெற்றோர், தாமும் பள்ளிக் கல்வியை முடிக்காதவராயின், பிள்ளையின் வீட்டுப் பாடத்திற்குத் துணைநிற்பது அரிது. மூன்றாவது, நிலைத்த வாழ்விடம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் இடம்பெயரும் குடும்பத்தின் குழந்தை கல்வியாண்டின் நடுவே வகுப்பை இழக்கிறது. கணக்கு போன்று படிப்படியாக வளரும் பாடத்தில், விடுபட்ட ஒரு படி அடுத்தடுத்த படிகளையும் எட்டாதவையாக்குகிறது.

இம்மூன்றும் பள்ளிக்கு வெளியே இயங்குபவை. பள்ளி நடைபெறும் காலத்தில் இவற்றின் விளைவு ஓரளவு மட்டுப்படுகிறது. பள்ளி மூடப்பட்டபோது அது முழுமையாக வெளிப்பட்டது.

ஆய்வுச் சான்று

அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊரகத் தமிழ்நாட்டின் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரை ஆய்வு செய்தனர். 2019இல் அதே சிற்றூர்களில் இருந்த அதே வயதினரோடு ஒப்பிடுகையில், 2021 டிசம்பரில் சோதிக்கப்பட்டோர் கணக்கில் சுமார் 0.73 திட்டவிலக்கமும் மொழியில் சுமார் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தனர். பின்தங்கிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு இழப்பு மிகுதியாக இருந்தது.

பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இவ்விழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினை ஆய்வாளர்கள் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திற்கு உரியதாகக் கணித்தனர். மீட்சியின் பயன் பின்தங்கிய குடும்பத்துக் குழந்தைகளையே கூடுதலாகச் சென்றடைந்தது. அவர்கள் இம்மையங்களுக்கு மிகுதியாக வந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. மீட்சியின் பெரும்பகுதி இத்திட்டத்தால் விளைந்ததன்று. எனவே பள்ளிக்கு மாற்று வேறில்லை. அதே வேளையில், குடியிருப்பிற்கு அருகில், கட்டணமின்றி, மாலையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரக் கற்றல் வருமான இடைவெளியைச் சுருக்கவல்லது.

தீர்வுகள்

தமிழக அரசின் திட்டங்கள் பல இவ்விடைவெளியின் இரு முனைகளைத் தொடுகின்றன. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பசியைப் போக்கி வருகையைக் காக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 2020இல் வழங்கப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டமும் உயர்கல்வியின் வாயிலைத் திறக்கின்றன. இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட பள்ளி ஆண்டுகளில் எழுத்தறிவும் எண்ணறிவும் வலுப்பெறாவிடில், திறந்த வாயிலை அடைவோர் சிலராகவே இருப்பர்.

இந்நோக்கில் மூன்று வழிகள் கருதத்தக்கன. முதலாவதாக, மாலை நேரக் கற்றல் மையங்களை நெருக்கடிக்கால ஏற்பாடாகக் கருதாது, பின்தங்கிய குடியிருப்புகளில் நிலையாக நடத்துதல் வேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலரை நெடுங்காலம் தக்கவைப்பது கடினமாதலின், அத்தொகை உயர்த்தப்பட வேண்டும். இரண்டாவதாக, வகுப்பைக் கொண்டன்றி, குழந்தையின் அப்போதைய கற்றல் நிலையைக் கொண்டு கற்பித்தல் வேண்டும். 2022இல் அறிமுகமான எண்ணும் எழுத்தும் இயக்கம் இத்திசையில் அமைந்ததே. மூன்றாவதாக, இடம்பெயரும் குழந்தையின் கற்றல் நிலைக் குறிப்பு, அக்குழந்தை சேரும் பள்ளிக்கும் தாமதமின்றிச் சென்று சேர வேண்டும்.

முடிவுரை

வருமானத்தால் விளையும் கற்றல் இடைவெளி, குழந்தையின் திறன் குறைவால் தோன்றுவதன்று. பள்ளிக்கு வெளியே கழியும் நேரம் ஒருவருக்குக் கற்றலாகவும் மற்றொருவருக்கு இழப்பாகவும் அமைவதால் அது வளர்கிறது. அந்நேரத்தில் ஒரு பகுதியைப் பொதுப் பொறுப்பாக ஏற்பின் இடைவெளி குறையும் என்பதை முதலியார்குப்பத்தில் தொடங்கிய முயற்சி உணர்த்துகிறது.