ஆர்.எக்ஸ் 100-க்குக் கீழே பெட்ரோல் சொட்டுதா? ஃப்ளோட்டைக் கவனிங்க!

1996-லேயே உற்பத்தி நின்றுவிட்டாலும், அப்பா ஓட்டிய வண்டி என்பதற்காகவே யமஹா ஆர்.எக்ஸ் 100-ஐ விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. இந்தப் பழைய வண்டிகளில் தகராறு செய்யக்கூடிய ஒன்று, கார்புரேட்டருக்குள் இருக்கும் ஃப்ளோட்.

மொட்டைமாடி வாட்டர் டேங்கின் பந்து வால்வு மாதிரிதான் இதுவும். பெட்ரோல் ஏற ஏற மிதந்து, நீடிலைத் தள்ளி வழியை அடைக்கும். லெவல் கூடினால் பெட்ரோல் வழியும், பிளக் கறுக்கும். குறைந்தால் வேகத்தில் எஞ்சின் திணறும். டூ ஸ்ட்ரோக்கில் இதுதான் ஆபத்து: சூடேறி பிஸ்டன் ஜாமானால், ஓடும்போதே பின்சக்கரம் நின்றுவிடும். உடனே கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும்.

சொட்டுகிறதே என்று எடுத்தவுடன் ஃப்ளோட்டை வளைக்காதீர்கள். நீடில் முனை தேய்ந்திருக்கிறதா, தூசி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை, மாற்றத்தான் வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே லெவல் வேலை. கார்புரேட்டரைக் கவிழ்த்து, நீடிலை அமுக்காமல் ஃப்ளோட்டின் உயரத்தை அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். கவிழ்த்த நிலையில் உயரம் கூடுதல் என்றால், பெட்ரோல் லெவல் குறைவு என்று அர்த்தம். பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான்.

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, அடுப்பு, விளக்கு இல்லாத வெளியிடத்தில் மட்டும் கழற்றுங்கள். கை பழகவில்லையா? பழைய மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.