மாணவர் திறன் அறிதல்

மாணவரின் அறிவுத் திறனை வகைப்படுத்திக் காணும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் உவமை கூறுகின்றது. அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு உவமைகள். மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உரியவை. கடைமாணாக்கர்க்கு ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என நான்கு உவமைகள் உள்ளன! நீரை நீக்கிப் பாலை மட்டும் பருகும் அன்னம்போல நல்லதைப் பிரித்தறிபவன் யார், வயிறார மேய்ந்தபின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் ஆவைப்போலக் கேட்டதைச் சிந்திப்பவன் யார் என்பதை ஆசிரியர் ஒரே நாளில் அறிய இயலாது. பல திங்கள் உடன் பழகியே அறிதல் வேண்டும். அக்காலத்தில் ஓர் ஆசிரியரிடம் மாணாக்கர் சிலரே பயின்றமையால் அஃது இயன்றது.

இன்று நிலைமை வேறு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களின் அரசுப் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். தொழிற்பேட்டைகளை நாடிப் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் சிறுவன் தமிழ்க் கட்டுரையில் தடுமாறலாம். அதனால் அவன் மதி குறைந்தவன் ஆகான். எனினும், நிறைந்த வகுப்பில் அவனது கூர்மை ஆசிரியர் கண்ணுக்குத் தப்பிவிடுதல் கூடும். இக்குறையை ஓரளவு நீக்கத் திறனறித் தேர்வுகள் உதவுகின்றன.

அவற்றுள் முதன்மையானது தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு. பெயர் நீண்டதேயாயினும் நோக்கம் எளியது. 2008-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய இத்திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் 8-ஆம் வகுப்புப் பயில்வோர் தேர்வெழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருவாய் 3,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. தேர்ந்தெடுக்கப்பெறுவோர்க்கு 9 முதல் 12-ஆம் வகுப்பு முடியத் திங்களுக்கு 1,000 ரூபாய் கிடைக்கும். நாடு முழுவதற்கும் ஆண்டுதோறும் 1,00,000 இடங்கள். அவற்றில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. நான்காண்டுகளில் ஒரு மாணவர் பெறுவது 48,000 ரூபாய். மகனைப் பத்தாவதோடு நிறுத்திப் பட்டறைக்கு அனுப்பலாமா என்று தந்தை கணக்கிடும் இல்லத்தில், அவன் படிப்பு தொடர்வதும் நிற்பதும் இத்தொகையைப் பொறுத்ததாகவும் அமையலாம்.

இத்தேர்வு மனத்திறன், படிப்புத்திறன் என இரு பகுதிகளை உடையது. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள் உண்டு. படிப்புத்திறன் பகுதி பாடநூலைத் தழுவியது. மனத்திறன் பகுதியோ நெட்டுருவுக்கு எளிதில் வசப்படாதது. 2, 6, 12, 20, 30 என்னும் வரிசையில் அடுத்த எண் யாது எனக் கேட்டால், ஒரு சிறுமி வேறுபாடுகளை நோக்குவாள்: 4, 6, 8, 10, ஆகவே அடுத்தது 12 கூடி 42. மற்றொருத்தி, ஒன்றையும் இரண்டையும் பெருக்கினால் 2, இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் 6 எனக் கண்டு, ஆறையும் ஏழையும் பெருக்கி அதே 42-ஐ அடைவாள். விடைத்தாளில் இருவரும் கருமையாக்குவது ஒரே வட்டத்தைத்தான். அவர்கள் சென்ற வழியை அவ்வட்டம் காட்டாது. வகுப்பில் உடனிருக்கும் ஆசிரியரே அதனைக் கேட்டறிய முடியும்.

சிற்றூர்ப் பிள்ளைகளுக்கென ஊரகத் திறனாய்வுத் தேர்வு தனியே நடைபெறுகின்றது. 9-ஆம் வகுப்பு மாணவர் எழுதும் இத்தேர்வில் மாவட்டத்திற்கு 50 மாணவரும் 50 மாணவியரும் தேர்ந்தெடுக்கப்பெறுவர். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளில் பயில்வோர் இதில் சேர இயலாது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது, ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியாயிற்று, பூந்தமல்லி நகராட்சி. எல்லைக்கு அப்பால் ஊராட்சிப் பள்ளியில் படிக்கும் சிறுவனுக்குத் திறந்துள்ள கதவு, இப்பாலுள்ள கூலித் தொழிலாளியின் மகனுக்கு இல்லை. எங்கேனும் ஓரிடத்தில் கோடு கிழித்தல் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் வறுமை அக்கோட்டை அறியாது.

எல்லாப் பாடங்களிலும் தேறியவரையே மதிக்கும் முறையும் குறையுடையது. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், 1904-இல் பள்ளியில் கணக்கிற்குரிய பரிசைப் பெற்றார். கல்லூரியிலும் உதவித்தொகையோடே சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறியமையால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி பெற்றிலர். 1913-இல் அவர் எழுதிய மடலைக் கேம்பிரிட்சில் இருந்த ஆர்டி என்னும் பேராசிரியர் படித்து வியந்தார். 1918-இல் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது.

ஒரு துறையில் மட்டும் சிறந்தவரைத் தேடும் முயற்சியும் இன்று உண்டு. தமிழ்நாட்டரசு 2022 முதல் நடத்தும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு அத்தகையது. 11-ஆம் வகுப்பு மாணவர் 1,500 பேரைத் தெரிந்து, திங்களுக்கு 1,500 ரூபாய் வீதம் ஈராண்டு வழங்குகின்றனர். இடங்களில் பாதி அரசுப் பள்ளி மாணவர்க்கே உரியது. 10-ஆம் வகுப்புத் தமிழ்ப்பாடமே இதற்கு அடிப்படையாதலின், கணக்கில் பின்தங்கியவரும் அஞ்சாது எழுதலாம்.