‘உட்காரு’ என்றதும் எழுந்து நின்ற வகுப்பு

முதல் வகுப்புப் பிள்ளைகள் ஓயாமல் எழுந்து திரிந்தால் ஆசிரியர் “உட்காரு” என்பார். நின்ற பிள்ளை சட்டென்று உட்கார்ந்துவிடும். பலன் கண்ணெதிரே தெரிவதால் அடுத்த முறையும் அதையே சொல்வார். இதில் என்ன ஆராய இருக்கிறது என்று தோன்றும்.

அமெரிக்காவில் சார்லஸ் மேட்சன், வெஸ்லி பெக்கர் குழுவினர் இதைத்தான் ஆராய்ந்தார்கள். 48 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் இருந்த ஒரு முதல் வகுப்பில் யார் எப்போது எழுந்து நிற்கிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணினார்கள். பிறகு ஆசிரியர்களிடம், “உட்காரு” என்று இன்னும் அடிக்கடி சொல்லச் சொன்னார்கள். எழுந்து நிற்பது கூடியது. சொல்வதைக் குறைத்தபோது குறைந்தது. மறுபடி கூட்டியபோது மறுபடி கூடியது. கடைசியில், நிற்பவர்களை விட்டுவிட்டு, உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பாராட்டச் சொன்னதும், நிற்பவர் எண்ணிக்கை இறங்கியது. 1968-இல் வெளியான இந்த ஆய்வை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒவ்வொரு அதட்டலும் அந்த நொடியில் வேலை செய்தது. எல்லா அதட்டலும் சேர்ந்து வகுப்பைக் கெடுத்தது!

காரணம், பிள்ளைக்கு வேண்டியிருந்தது ஆசிரியரின் கவனம். நாற்பத்தெட்டுப் பேரில் ஒருவராக அமைதியாக எழுதிக்கொண்டிருந்தால் அது கிடைக்காது. எழுந்து நின்றால் உடனே கிடைக்கும்.

ஆனால் வகுப்பில் இருப்பது ஆசிரியரின் கண்கள் மட்டும் அல்ல. பின்வரிசைப் பையன் ஒரு சேட்டை செய்தால் சிரிப்பது பக்கத்துப் பிள்ளைகள். அந்தச் சிரிப்பின் மேல் கைவைத்தது, 1969-இல் கான்சாஸைச் சேர்ந்த ஹேரியட் பேரிஷ், மியூரியல் சாண்டர்ஸ், மான்ட்ரோஸ் வுல்ஃப் மூவரும் வெளியிட்ட ஆய்வு. தலைமையாசிரியர் வரை புகார் போயிருந்த ஏழு பிள்ளைகள் உள்ள நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அனுமதியில்லாமல் எழுந்தாலோ பேசினாலோ அந்த அணியின் பெயருக்குக் கீழே கரும்பலகையில் ஒரு கோடு. குறைவான கோடு வாங்கிய அணி வெல்லும்; இரண்டுமே ஐந்து கோடுகளைத் தாண்டாவிட்டால் இரண்டுக்கும் வெற்றி. பரிசு என்று பெரிதாக எதுவுமில்லை: சாப்பாட்டு வரிசையில் முதலிடம், பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், மாலையில் பிடித்ததைச் செய்யக் கொஞ்சம் நேரம்.

கணக்கு வகுப்பை ஒரு நிமிடக் கூறுகளாகப் பிரித்துப் பார்த்தபோது, முன்பு 96 சதவீதக் கூறுகளில் யாராவது பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த அணி விளையாட்டு வந்தபின் அது 19 சதவீதம். இடத்தைவிட்டு எழுவது 82-இலிருந்து 9 சதவீதமாயிற்று. இரண்டு அணியும் வெல்லலாம் என்ற விதியைத்தான் நான் இதன் உயிர் என்பேன். அது இல்லாவிட்டால் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தோற்கடிக்கப் பார்க்கும். இருந்ததால் பக்கத்தில் இருப்பவனை அடக்கமாக இருக்க வைக்கப் பார்த்தது.

1985-இல் பால்டிமோர் நகரில் ஷெப்பர்ட் கெல்லம் இதையே முதல் வகுப்புகளுக்குக் கொண்டுபோனார். விளையாட்டு உள்ள வகுப்பு எது, இல்லாத வகுப்பு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. கூச்சப்படும் பிள்ளையும் முரட்டுப் பிள்ளையும் ஒவ்வொரு அணியிலும் கலந்திருந்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் வளர்வதற்காகக் காத்திருந்தார்கள். 19 முதல் 21 வயதில் தேடிப்போய் விசாரித்தபோது, விளையாட்டில்லாத வகுப்பிலிருந்து வந்த ஆண்களில் 38 சதவீதம் பேர் போதைப்பொருள் பிரச்சினைக்கு ஆளாகியிருந்தார்கள். விளையாடியவர்களில் 19 சதவீதம். ஆறு வயதில் மிகவும் முரடாக இருந்தவர்களுக்கே பலன் அதிகம். பெண்களிடம் இப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த ஆண்டு வந்த பிள்ளைகளிடமும் பலன் மங்கியிருந்தது. அந்த ஆண்டு ஆசிரியர்களுக்கு முதலாண்டு கிடைத்த பயிற்சியும் துணையும் கிடைக்கவில்லை.

ஒரே ஆசிரியர் தோளில் எல்லாவற்றையும் வைத்தால் இப்படித்தான் ஆகும். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் சுகாய், ராபர்ட் ஹார்னர் ஆகியோரோ பள்ளி முழுவதையும் சேர்த்துப் பிடித்தார்கள். எதிர்பார்ப்புகள் மூன்று முதல் ஐந்து வரைதான். வாத்தியார் முதல் பேருந்து ஓட்டுநர் வரை எல்லோர் வாயிலும் அதே சொற்கள். விதியை எழுதிச் சுவரில் ஒட்டினால் மட்டும் எதுவும் மாறாது என்பதை மேட்சன் குழுவின் இன்னொரு ஆய்வு ஏற்கனவே காட்டியிருந்தது. எனவே தாழ்வாரத்தில் எப்படி நடப்பது என்பதைத் தாழ்வாரத்திலேயே நடந்துகாட்டி, வாய்ப்பாடு போலப் பழக்குகிறார்கள். மேரிலாண்டில் 37 தொடக்கப் பள்ளிகளில் குலுக்கல் முறையில் நடந்த ஐந்தாண்டு ஆய்வில், இந்த முறை வந்த பள்ளிகளில் மாணவரை இடைநீக்கம் செய்வது குறைந்தது.

இந்தப் பள்ளிகளில் ஆசிரியர் குழு ஒன்று அவ்வப்போது கூடிப் புகார்ப் பதிவுகளைப் பார்க்கிறது. யார் செய்தது என்பதோடு எங்கே, எத்தனை மணிக்கு நடந்தது என்றும் அலசுகிறது. சண்டைகள் மதிய உணவு முடிந்து கைகழுவும் இடத்திலேயே திரும்பத் திரும்ப நடந்தால், அங்கே கூடுதலாக ஒரு பெரியவரை நிறுத்தலாம். வகுப்புகளை ஐந்து நிமிட இடைவெளியில் வெளியே விடலாம். எந்தப் பிள்ளையின் பெயரையும் கூப்பிட வேண்டியதில்லை.