அணைத்த பிறகுதான் சோதனை

காரைக்காலில் நாம் போடும் விளக்கில் கூடங்குளத்துக்கு ஒரு சிறு பங்கு உண்டு. அங்கே ஓடும் முதல் இரண்டு உலைகளின் 2000 மெகாவாட்டில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு ஒதுக்கியது 67 மெகாவாட். கல்பாக்கத்திலிருந்தும் கொஞ்சம் வருகிறது. கரண்டை வாங்கிக்கொள்கிறோம். அது பிறக்கும் இடத்தை யார் சோதிக்கிறார்கள், எதைச் சோதிக்கிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. சொல்லித் தந்தவர்களும் குறைவு. டீயைக் குடித்துக்கொண்டே மெதுவாகப் பார்ப்போம்.

யார் என்பதற்கு விடை சுலபம். 1983 நவம்பர் 15 அன்று அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். தலைமையகம் மும்பையில், நம் பக்கத்துக்குச் சென்னையில் ஒரு மையம். நிலையத்தை நடத்துவது இந்திய அணுமின் கழகம், அதைக் கண்காணிப்பது வாரியம். இடம் தேர்வதில் தொடங்கி, கட்டுவது, ஓட்டிப் பார்ப்பது, முழுதாக இயக்குவது, ஆயுள் முடிந்ததும் பிரித்தெடுப்பது வரை ஒவ்வொரு படிக்கும் வாரியம் கையெழுத்திட வேண்டும். இயக்க உரிமம் அதிகம் போனால் 5 ஆண்டு. 10 ஆண்டுக்கு ஒருமுறை, அந்த நிலையத்தை அன்றுதான் பார்ப்பவர்களைப் போல அடி முதல் நுனி வரை மறு ஆய்வு.

எதைச் சோதிக்கிறார்கள் என்பதில்தான் நாம் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறோம். "கோளாறு என்றால் உலையை நிறுத்திவிடுவார்கள், நிறுத்திவிட்டால் அப்புறம் என்ன பயம்?" என்று ஒரு தரப்பு சொல்கிறது. "நிறுத்த முடியாமல் போனால் குண்டு மாதிரி வெடித்துவிடுமே" என்று மறுதரப்பு அஞ்சுகிறது. சண்டை போட்டாலும் இரண்டு தரப்பும் பார்ப்பது நிறுத்துகிற அந்த ஒரு நொடியைத்தான். ஆனால் நிறுத்துவது பெரும்பாலும் நடந்துவிடுகிற காரியம். நியூட்ரான்களை விழுங்கும் தண்டுகளை உள்ளே இறக்குவது போன்ற வழிகளில் சில விநாடிகளுக்குள் அணுப்பிளவு அடங்கிவிடும். செர்னோபிலில் நிறுத்தப் போனதே வினையாகிவிட்டது உண்மைதான். அது வேறு வகை உலை, அதன் கதையை இன்னொரு நாள் பேசலாம்.

அணுப்பிளவு அடங்கினாலும் சூடு அடங்காது. விறகடுப்பில் விறகை வெளியே இழுத்துவிட்டாலும் உள்ளே தணல் கனன்றுகொண்டே இருக்கிறது அல்லவா, அப்படி. யுரேனியம் அணு பிளந்து உண்டான துண்டுகள் நிலையாக இருக்கத் தெரியாதவை. அவை மேலும் மேலும் சிதைந்து சூட்டை உமிழ்கின்றன. சிதைவு வெப்பம் என்பது இதுதான். அது எந்தப் பட்டனுக்கும் கட்டுப்படாது. தானாக ஆறும்வரை யாரும் அதை நிறுத்த முடியாது.

எவ்வளவு சூடு என்று பார்த்துவிடுவோம். கல்பாக்கத்து உலை ஒன்று 220 மெகாவாட் மின்சாரம் தருவதற்கு உள்ளே சுமார் 800 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்திய கணத்தில் அதில் 6, 7 சதவீதம் மிஞ்சி நிற்கும். ஏறக்குறைய 50 மெகாவாட். திருமலைராயன்பட்டினம் போலகத்தில் எரிவாயுவில் ஓடும் நம் மின் நிலையத்தின் மொத்தத் திறனே 32.5 மெகாவாட்தான். (ஒன்று வெப்பம், மற்றது மின்சாரம் என்று கணக்கு வாத்தியார் திருத்துவார். அளவு பிடிபட இது போதும்.) ஒரு மணி நேரத்தில் இது ஒன்றரை சதவீதத்துக்கு இறங்கும், ஒரு நாளில் அரை சதவீதத்துக்கு. அந்த அரை சதவீதமே 4 மெகாவாட். தண்ணீர் ஓடாவிட்டால் எரிபொருளை உருக்க அது தாராளம்.

அதனால் நின்ற உலைக்குள்ளும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓடப் பம்பு வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். மின்சாரம் தயாரிக்கும் இடம் தானே நின்றுவிட்டதால், அந்தக் கரண்ட் வெளியிலிருந்து வர வேண்டும். வெளியிலும் போய்விட்டால் டீசல் ஜெனரேட்டர். அதுவும் ஓடவில்லை என்றால் என்ன என்ற கேள்வியைச் சுற்றித்தான் அணுமின் பாதுகாப்பின் பெரும்பகுதி எழுந்திருக்கிறது. ஆய்வாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பதும் அந்தக் கேள்விதான்.

நம் கரையில் இது சோதனைக்கு வந்த நாளை நாம் மறந்திருக்க மாட்டோம். 2004 டிசம்பர் 26. காரைக்கால்மேட்டையும் கிளிஞ்சல்மேட்டையும் பட்டினச்சேரியையும் சூறையாடிய அதே சுனாமி, அதே காலையில், 200 கிலோமீட்டருக்குள் வடக்கே இருக்கும் கல்பாக்கத்திலும் ஏறியது. அணுசக்தித் துறையின் குடியிருப்பில் உயிர்கள் போயின. நிலையத்தின் முதல் உலை பெரிய பராமரிப்புக்காக ஏற்கெனவே நின்றிருந்தது. இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கடல்நீரை உள்ளே கொண்டுவரக் கடலுக்கடியில் ஒரு சுரங்கம் இருக்கிறது. நீர் அந்த வழியாகப் பொங்கி வந்து பம்ப் ஹவுஸில் மட்டம் எகிறியது. டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்விக்கும் பெரிய பம்புகள் நின்றன. உலையும் நின்றது. உலைக் கட்டிடத்துக்குள் கடல் வரவில்லை. வெளியிலிருந்து வரும் மின்சாரமும் அறுபடவில்லை. உள்ளே இருந்த தணலை ஆபத்தில்லாமல் ஆற்ற முடிந்தது. சேதத்தைப் பார்த்து, வாரியத்தின் அனுமதியும் கிடைத்த பிறகு, 2005 ஜனவரித் தொடக்கத்தில் உலை மறுபடி ஓடியது.

இதைக் கல்பாக்கத்தின் வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அங்கிருந்தவர்கள் கலங்காமல் வேலை செய்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர், கரண்ட் என்ற இரண்டில் அன்று அடிபட்டது கடல்நீர்ப் பம்புகள் மட்டும்தான். இரண்டும் ஒரே நாளில் போனால்?

போனது, ஜப்பானில். 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்தவுடன், ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் முறையாக நின்றன. வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. அதுவரை எல்லாம் ஏட்டில் எழுதியபடி. ஒரு மணி நேரத்துக்குள் அலை வந்தது. 13 ஜெனரேட்டர்களில் 12 செயலிழந்தன. ஏற்கெனவே நின்றுவிட்ட அந்த மூன்று உலைகள் அடுத்த சில நாட்களில் உருகின. மிஞ்சிய ஒரே ஜெனரேட்டர் 6ஆம் உலைக்கானது. கடல்நீரை நம்பாமல் காற்றால் குளிரும் வகை. அது ஒன்றே 5, 6 ஆகிய இரண்டு உலைகளையும் கரை சேர்த்தது.

கடல் இல்லாத ஊரிலும் இது நேரும். உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அன்று டர்பைனின் இறக்கைகள் முறிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்து 17 மணி நேரம் நிலையத்தில் கரண்டே இல்லை. தீயணைப்புக்காக வைத்திருந்த டீசல் பம்பை ஓட்டி, அந்தத் தண்ணீரை நீராவி உருவாக்கிகளுக்குள் செலுத்தித்தான் உலையைக் காப்பாற்றினார்கள். 7 படிகள் கொண்ட சர்வதேச அளவுகோலில் அது 3ஆம் படியில் வைக்கப்பட்டது.

இத்தனையும் தெரிந்துகொண்டு வாரியத்தின் ஆய்வாளரோடு உள்ளே போவோம். கதிர்வீச்சுக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு கசிவு தேடுபவராக அவரைக் கற்பனை செய்ய வேண்டாம். அளவெடுக்க அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்தின் அருகிலும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகம் ஒன்று சுற்றுவட்டாரத்துப் பாலையும் மீனையும் கிணற்று நீரையும் எடுத்துச் சோதிக்கிறது. பொதுமக்களுக்கு நிலையத்தால் சேரும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. மண்ணும் வானமும் இயல்பாகவே நமக்குத் தரும் கதிர்வீச்சு, உலக சராசரியில் 2.4.

ஆய்வாளர் முதலில் கேட்பது பதிவேட்டை. ஒவ்வொரு நிலையத்துக்கும் வாரியம் ஒப்புதல் தந்த இயக்க விதித் தொகுப்பு ஒன்று உண்டு. எத்தனை ஜெனரேட்டர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை அதை ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒன்று பழுதானால் எவ்வளவு நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் எப்போது உலையை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். பழுதில்லாத உலையைக்கூட, பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர் கெட்டுப் போனதற்காக நிறுத்தச் சொல்லும் விதி அது. ஆய்வாளர் தேதிகளைப் பார்க்கிறார். ஓட்டிப் பார்க்க வேண்டிய நாள் தள்ளிப் போயிருக்கிறதா, முதல் முயற்சியில் ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டரை யார் எப்படிச் சரிசெய்தார்கள், காரணம் கண்டுபிடித்தார்களா, வெறும் பாகத்தை மாற்றி மூடிவிட்டார்களா என்று பார்க்கிறார். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வேலைக்கான உரிமம் இருக்கிறதா என்பதும் அவர் பார்வைக்கு உரியது. போன முறை எழுதிவைத்த குறைகள் தீர்ந்தனவா என்று கேட்பது அநேகமாக எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஆயிரக்கணக்கான வால்வுகளையும் பம்புகளையும் வெளியிலிருந்து வரும் ஒரு குழு தானே சோதித்து முடிக்க முடியாது. சோதிக்க வேண்டிய கடமை நிலையத்தை நடத்துபவருடையது. அவர் உண்மையாகச் சோதிக்கிறாரா என்பதைச் சோதிப்பது வாரியத்தின் வேலை. திட்டமிட்டும் வருவார்கள், சொல்லாமலும் வருவார்கள். நிலையத்திலேயே தங்கிப் பார்ப்பவர்களையும் வாரியம் இப்போது அமர்த்துகிறது.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு நம் நிலையங்களில் சேர்ந்தவற்றைப் பார்த்தால் இந்தத் தணல் கணக்கு எவ்வளவு தூரம் உறைத்திருக்கிறது என்று தெரியும். வெளியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தாலும் உலைக்குத் தண்ணீர் செலுத்த ஏதுவாகக் குழாய் இணைப்புகள், காற்றால் குளிரும் கூடுதல் ஜெனரேட்டர்கள். கூடங்குளத்தில் வடிவமைப்பிலேயே ஜெனரேட்டர் கட்டிடம் கடல்மட்டத்துக்கு 9.3 மீட்டர் மேலே. கரண்டே இல்லாமல், சூடான நீரும் ஆவியும் மேலேறும் இயல்பை வைத்தே உலையைக் குளிர்விக்கும் அமைப்பும் அங்கே உண்டு. அந்த நிலையத்தைத் தொடங்கலாம் என்று 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், சும்மா விடாமல் 15 நிபந்தனைகளோடுதான் விட்டது. பக்கத்து ஊரான இடிந்தகரையில் போராடிய மக்கள் கேட்ட கேள்விகள் இல்லாவிட்டால் அந்த நிபந்தனைகள் வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

வாரியத்தின் கை காரைக்காலுக்கும் நீள்கிறது. இங்கே அணு உலை கிடையாது, நிலையத்தைச் சுற்றி வரையும் 16 கிலோமீட்டர் அவசரகால வட்டத்துக்கும் நாம் வெகுதூரம் வெளியே. ஆனால் நம் ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே அறைக்கும் உரிமம் தர வேண்டியது இதே வாரியம்தான். 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதைத் தோண்டிப் பார்த்தபோது, நாடு முழுக்க மருத்துவ எக்ஸ்ரே கருவிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பதிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது.

அதே அறிக்கை இன்னொன்றையும் சுட்டியது. வாரியத்துக்கு அப்போது தனிச் சட்ட பலம் இல்லை. அது பதில் சொல்ல வேண்டியிருந்த அணுசக்தி ஆணையமோ, அணுமின்சாரத்தை வளர்ப்பவர்களும் உட்கார்ந்திருந்த இடம். 1993 முதல் 1996 வரை வாரியத் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் இதைப் பல ஆண்டுகளாக வெளிப்படையாகவே சொல்லி வந்தார். ஜப்பானிலும் கதை இதேதான். அங்கே கண்காணித்த அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தது. ஃபுகுஷிமாவை விசாரித்த அந்நாட்டு நாடாளுமன்றக் குழு, அது மனிதர்கள் வரவழைத்த விபத்து என்றே எழுதியது. 2012 செப்டம்பரில் அந்த அமைப்பைக் கலைத்துப் புதிதாக ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

நம் நாட்டில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம் வாரியத்துக்குச் சட்டப்படியான நிலையைத் தந்திருக்கிறது. அதே சட்டம் அணுமின் நிலையத்தின் கதவைத் தனியாருக்கும் திறந்திருக்கிறது. அரசு நிறுவனத்தை மட்டும் பார்த்துப் பழகிய ஆய்வாளர், இனி ஒரு தனியார் கம்பெனியிடம் போய், ஜெனரேட்டர் ஒன்று தயாராகவில்லை, அதுவரை உலையை நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். நின்ற ஒவ்வொரு நாளுக்கும் நஷ்டக் கணக்கு எழுதுபவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். அப்படி எத்தனை முறை சொன்னார்கள், எத்தனை ஆய்வு நடந்தது, என்ன கோளாறுகள் பதிவாயின என்பதையெல்லாம் தேடிப் பார்க்க நமக்கு இருக்கும் இடம் வாரியத்தின் ஆண்டறிக்கை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஜெனரேட்டர் என்ற சொல் வரும் பக்கங்களிலிருந்து தொடங்கலாம்.